ஏறுவதும் இறங்குவதும்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

கோத்தகிரி மாமா: நம் ஊர்க் கால்பந்து அணி இந்த ஆண்டு கீழ் டிவிஷனுக்கு இறங்கியதிலிருந்து பையன்கள் மனம் உடைந்து போயிருக்கிறார்கள். இனி வெல்லும் அணிக்கு மேல் டிவிஷனுக்கு ஏற்றமும் வேண்டாம், பின்தங்கும் அணிக்கு இறக்கமும் வேண்டாம், எல்லா ஊர் அணிகளும் நிரந்தரமாக ஒரே லீக்கில் ஆடட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானம் வருகிறது. உங்கள் கருத்தைச் சொன்னால் நான் அங்கே பேச உதவியாக இருக்கும்.

குன்னூர் அக்கா: நான் அந்தத் தீர்மானத்தின் பக்கம்தான், மாமா. அணி இறங்கிய மறுவாரமே வண்டி வாடகை கொடுத்துவந்தவர் விலகிக்கொண்டதாக நீங்கள்தானே சொன்னீர்கள். இங்கிலாந்தின் மேல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கும் பணக்கார அணிகளுக்கே சில ஆண்டுகள் ஈட்டுத்தொகை கொடுத்துத்தான் தாங்குகிறார்கள் என்றால், நம் பையன்கள் எதைப் பிடித்துக்கொண்டு எழுவார்கள்? அமெரிக்காவில் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக், என்.பி.ஏ. என்ற கூடைப்பந்து லீக் இரண்டிலும் இறக்கம் கிடையாது. பின்தங்கிய அணிக்குப் புதிய வீரர்களை முன்னதாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத் தருகிறார்கள்.

அருவங்காடு சித்தப்பா: அந்த வாய்ப்புக்காகவே தோற்க நினைக்கும் அணிகளும் வந்துவிட்டன, அம்மா. அதைத் தடுக்கத்தான், யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்பதைக் குலுக்கிப் போடும் முறையை என்.பி.ஏ. 1985-இல் கொண்டுவந்தது. இறக்கம் உள்ள பிரீமியர் லீக்கில் ஆடிய லெஸ்டர் சிட்டியைப் பார். 2015 ஏப்ரல் தொடக்கத்தில் அட்டவணையின் அடியில் கிடந்த அந்த அணி, இறங்கிவிடக் கூடாது என்ற ஒரே வேகத்தில் கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழு ஆட்டங்களை வென்று தப்பியது. அடுத்த ஆண்டே சாம்பியனும் ஆனது.

நான்: சித்தப்பா, 2019 மார்ச்சில் நீங்கள் என்னைக் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்குக்கு அழைத்துப்போன நாளை என்னால் மறக்கவே முடியாது. ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துப் போட்டியின் கடைசி நாளில், கோவையைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கிவிட, அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த, கோப்பைக்குப் போட்டியாக இருந்த ஈஸ்ட் பெங்காலின் கணக்கைப் பக்கத்து இருக்கைக்காரர் கைபேசியில் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பெட்ரோ மான்சி ஒன்றும் கௌரவ் போரா இரண்டும் போட்டு, மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பையை எடுத்தார்கள். ஆனால் சாம்பியனாகியும் அவர்களால் நாட்டின் பெரிய லீக்கான ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைய முடியவில்லை. களத்தில் வென்று ஏறும் வழியே அப்போது இல்லை. பிறகு அந்த வழி திறந்ததும், 2023-இல் அதன் வழியாக முதன்முதலில் ஏறியது யார் தெரியுமா? அன்று நம் கண் முன் தோற்ற அதே பஞ்சாப் கழகம்தான், வேறு பெயரில். அவர்கள் உழைத்து வென்றுதான் ஏறினார்கள், அதில் எனக்குக் குறையில்லை. கோவை அணிக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லையே என்பதுதான் இன்றும் வலிக்கிறது.

குன்னூர் அக்கா: ஏறும் வழி திறந்தே இருக்கட்டும், தம்பி, அதை நான் மறுக்கவில்லை. ஏறுகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு, இருக்கிறவர்களை இறக்காமல் விடலாமே?

அருவங்காடு சித்தப்பா: ஐ.எஸ்.எல். அப்படித்தான் செய்தது. யாரையும் இறக்காமல் பஞ்சாபையும், மறுஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங்கையும் சேர்த்ததில் பதினொரு அணிகள் இரண்டே ஆண்டுகளில் பதின்மூன்றாகிவிட்டன. அணிகள் கூடினால் ஆட்டங்களும் கூடும்; நம் மலையில் மழைக்கு முன் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனை, மைதானங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்.

கோத்தகிரி மாமா: எனக்கு நம் பையன்களின் கடைசி ஆட்டம்தான் நினைவில் நிற்கிறது. டிரா செய்தாலே தப்பிவிடலாம் என்ற நிலையில், மூடுபனி இறங்கி எதிர்ப்பக்கக் கோல் கம்பமே மறைந்த பிறகும், தேயிலைத் தோட்டத்து மேட்டில் நின்றிருந்த ஒருவர்கூட வீடு திரும்பவில்லை; பந்து கண்ணுக்குத் தெரியாததால் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார்கள். ஒன்பதாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் நடந்த ஆட்டம் அது. இறக்கம் இல்லையென்றால் அந்தக் குளிரில் யார் நின்றிருப்பார்கள்?

குன்னூர் அக்கா: அப்படியானால் இறக்கம் இருக்கட்டும், மாமா, ஆனால் இறங்கிய அணியைக் கைவிடக் கூடாது. எல்லா அணிகளின் நுழைவுக் கட்டணத்திலிருந்தும் ஒரு பகுதியை ஒதுக்கி, இறங்கும் அணிக்கு முதல் ஆண்டு வண்டி வாடகையை அதிலிருந்து கொடுக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவாருங்கள்.

கோத்தகிரி மாமா: அதை நானே முன்மொழிகிறேன். ஓர் ஆட்டத்துக்குப் போய்வர என்ன வாடகை ஆகிறது என்ற கணக்கைச் சனிக்கிழமைக்குள் எழுதி அனுப்பு, அம்மா.