ஹொஸ்டல் அறை கிடைத்துவிட்டது என்று ஈமெயில் வந்த தம்பி தங்கச்சிமாருக்கு

பத்து நாள் லீவில் திருகோணமலைக்கு வந்தேன். கடலில் குளிக்கலாம், கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் மான்களைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம் என்று நினைத்தால், பின்னேரமானால் யாராவது ஒரு பிள்ளையோ பிள்ளையின் அம்மாவோ போனோடு வாசலில் நிற்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே விஷயம்தான். இங்கிலாந்தில் முதல் வருடம் படிக்கப் போகிறார்கள், தங்குமிட அறை ஒதுக்கி ஈமெயில் வந்திருக்கிறது, அடுத்தது என்ன? தனித்தனியாகச் சொல்லி வாய் நோகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன். கனடா போகிறவர்களுக்குக் கீழே இரண்டு வரி இருக்கிறது.

ஈமெயில் வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது படத்தைத்தான். நேற்று உப்புவெளியில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஐந்து படம் காட்டினாள், அறை, ஜன்னல், குசினி, தோட்டம், யாரோ சிரித்துக்கொண்டு கோப்பி குடிப்பது. ஒப்பந்தத்தை எந்தத் திகதிக்குள் ஏற்கவேண்டும் என்று கேட்டேன், முழித்தாள். கீழே சின்ன எழுத்தில் இருந்தது, ஏழு நாள். அதில் நாலு நாள் ஏற்கனவே போய்விட்டது. அறை ஒதுக்கினால் அது உங்களுடையது என்று அர்த்தமில்லை. ஒன்லைனில் ஒப்பந்தத்தை ஏற்று, முற்பணம் கேட்டிருந்தால் அதையும் கட்டினால்தான் உங்களுடையது, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கடைசி நாள் நள்ளிரவு என்று போட்டிருந்தால் அது அங்கத்தைய நள்ளிரவு, கோடையில் நாங்கள் நாலரை மணித்தியாலம் முன்னுக்கு, ஆகவே எங்களுக்கு விடிய நாலரை. ஆனால் அந்தக் கணக்கை நம்பி இருக்கவேண்டாம், ஏனென்றால் காசு ஒரு கிளிக்கில் போவதில்லை.

இதில் நான் அடிபட்டிருக்கிறேன். எனக்கு 250 பவுண் முற்பணம் கட்டச் சொன்னார்கள். அப்பா வங்கிக்குப் போய் வரிசையில் நின்று சரியாக 250 அனுப்பினார். வழியில் இருக்கிற வங்கிகள் தங்கள் கட்டணத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது 232. பதினெட்டுப் பவுண் குறைந்ததால் கணினியில் “கட்டவில்லை” என்றே காட்டியது, அறை கையை விட்டுப் போனது. பிறகு கெஞ்சி வாங்கியது, கம்பஸிலிருந்து நாற்பது நிமிட நடை. முழு வருடமும் மழையில் நடந்தேன். ஆகவே வங்கியில் அனுப்பினால், வழியில் வரும் கட்டணம் எல்லாவற்றையும் அனுப்புகிறவரே கட்டுவார் என்று படிவத்தில் குறிக்கச் சொல்லுங்கள். உங்கள் மாணவர் இலக்கத்தை மறக்காமல் எழுதுங்கள். பற்றுச்சீட்டைப் படமெடுத்து அன்றைக்கே தங்குமிட அலுவலகத்துக்கு ஈமெயில் போடுங்கள்.

அந்தப் பற்றுச்சீட்டு விசாவுக்கும் உதவும். 2025 நவம்பர் 11 முதல் விண்ணப்பிக்கிறவர்கள் வாழ்க்கைச் செலவுக்காக லண்டனில் மாதம் 1,529 பவுண், லண்டனுக்கு வெளியே 1,171 பவுண் காட்டவேண்டும், அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்கு. வெளியே என்றால் 10,539 வருகிறது. பல்கலைக்கழகத்தின் சொந்தத் தங்குமிடத்துக்கு ஏற்கனவே கட்டிய பணத்தில் 1,529 வரை இதில் கழிக்கலாம். தனியார் ஹொஸ்டலுக்குக் கட்டியதைக் கழிக்க முடியாது. இது தெரியாமல் தனியாருக்கு மூன்று மாதக் காசைக் கட்டிவிட்டு, பிறகு விசாவுக்குக் காட்ட 28 நாள் வங்கிக் கணக்கில் வைக்கக் காசு தேடி அலைந்த பெடியனை எனக்குத் தெரியும்.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயத்தையாவது வாசியுங்கள். எத்தனை கிழமை, ஏனென்றால் 40 கிழமையும் 51 கிழமையும் ஒன்றல்ல, கிழமை வாடகை குறைவாகத் தெரிகிறது என்று பாய்ந்தால் மொத்தத்தில் கூட வரும். விசா மறுத்தால் காசு திரும்புமா, எத்தனை நாளுக்குள் சொல்லவேண்டும். இடையில் வெளியேறினால் என்ன, பெரும்பாலும் உங்கள் இடத்துக்கு இன்னொரு மாணவரைக் கண்டுபிடிக்கும் வரை வாடகை உங்கள் தலையில்தான். இங்கே வாடகை வீட்டை விடுவதுபோல “அண்ணை, அடுத்த மாதம் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அப்புறம் ஃபேஸ்புக்கில் “தமிழ் ஆட்களுக்கு மட்டும் அறை” என்று போட்டு, பார்க்காமலே காசு கேட்டால் அனுப்பாதீர்கள், எங்கட தமிழில் கதைக்கிறார் என்பது உத்தரவாதம் இல்லை.

இனி அம்மாமாரின் கேள்விகள். ஒரு அன்ரி கதிரையில் இருக்கக்கூட இல்லை, நின்றபடியே கேட்டார், “பிள்ளை, ஆம்பிளைப் பெடியளும் அதே வீட்டிலயோ?” ஓம் அன்ரி, விண்ணப்பத்தில் ஒன்றும் குறிக்காவிட்டால் பெரும்பாலும் கலந்துதான் போடுவார்கள். ஒரு பிளாட்டில் ஐந்தாறு அறை, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு, பல இடத்தில் குளியலறையும் அறைக்குள்ளேயே, குசினி மட்டும் பொது. பெண்கள் மட்டும் இருக்கும் பிளாட் வேண்டும் என்றால் அதற்கு ஒரு கட்டம் இருக்கும். அறை ஒதுக்கிய பிறகு மாற்றுவது கஷ்டம், ஆனாலும் உடனே எழுதிக் கேட்கலாம், கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அடுத்த கேள்வி பகிடிவதை. இங்கே 1998இல் தடைச் சட்டம் வந்த பிறகும் ஹொஸ்டல் என்றாலே பெற்றோருக்கு அந்தப் பயம்தான். அங்கே முதல் வருடத்தாரை அநேகமாக முதல் வருடத்தாரோடேயே போடுவதால் சீனியர் வந்து கதவு தட்டும் கதை இல்லை. விளையாட்டுக் கழகங்கள் சிலவற்றில் குடிக்க வைத்துப் புதியவரைச் சேர்க்கும் கூத்து உண்டு, மாட்டேன் என்று சொல்லிவிட்டு வரலாம், நான் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று, ஏஎல் பரீட்சை எழுதி, முடிவுக்குக் காத்திருந்து போகிற உங்களுக்கு இருபதை எட்டும், பக்கத்து அறைக்காரருக்குப் பதினெட்டு. வீட்டை விட்டு முதல்முறை வந்த பிள்ளைகள். முதல் மாதம் இரவு இரண்டு மணிக்குச் சத்தம் போட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

குசினியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், புதிதாகப் போகிற எங்கட ஆட்கள் மாட்டுப்படுவது அங்கேதான். இங்கே மிளகாய் வறுத்துப் புகை கிளம்பினால் என்ன செய்வோம்? கதவைத் திறந்துவிடுவோம். அங்கே அதைச் செய்தால்தான் ஆபத்து. பெரும்பாலான குசினிகளில் கூரையில் இருப்பது சூட்டை உணரும் கருவி, கொஞ்சப் புகைக்கு அது அசையாது. வெளியே நடையில் இருப்பதுதான் புகையை உணர்வது. குசினிக் கதவு ஏன் அவ்வளவு பாரம், ஏன் தானாக மூடுகிறது என்று நான் எரிச்சல்பட்டு, ஒரு நாள் செருப்பை அடியில் கொடுத்துத் திறந்து வைத்துவிட்டுச் சூடை மீன் பொரித்தேன். மூன்றாவது நிமிடம் முழுக் கட்டிடமும் கத்தியது. நவம்பர் மாதக் குளிரில், ஈரத் தலையோடும் பைஜாமாவோடும் நூறு பேர் வாசலில் நிற்க, கையில் அகப்பையோடு நானும் நின்றேன். ஆகவே கதவை மூடு, ஜன்னலைத் திற, மேலே இருக்கிற உறிஞ்சும் விசிறியைப் போடு, பிறகு எண்ணெயை வை. கருவியைப் பையால் மூடாதீர்கள், அதற்குத் தண்டம் அறவிடுவார்கள். றைஸ் குக்கர் கொண்டுபோகலாமா என்பது ஹொஸ்டலுக்கு ஹொஸ்டல் மாறும், அறைக்குள் வைக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். அங்கே வாங்குவதே சுகம்.

பெட்டிக்குள் தலையணை, பெற்சீற் அடைக்கவேண்டாம், கட்டில் அளவைக் கேட்டுப் போய் வாங்குங்கள், சாதாரண ஒற்றைக் கட்டில் 90க்கு 190 சென்ரிமீற்றர். இப்போது எங்கள் கடைகளில் விற்கும் சதுர முனை பிளக்தான் அங்கேயும், வீட்டுப் பழைய உருண்டை முனைச் சாமான் சரிவராது. குழம்புத்தூள் கொண்டுபோகலாம், நெய் கொண்டுபோக முடியாது, பால் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். இறைச்சியும் அப்படித்தான்.

போனதும் தொலைக்காட்சி உரிமம் எங்கே என்று மிரட்டுகிற மாதிரி ஒரு கடிதம் வரும், பயப்படவேண்டாம். நேரலைத் தொலைக்காட்சியோ பிபிசி ஐபிளேயரோ பார்த்தால்தான் தேவை, 2025 ஏப்ரலில் அது 174.50 பவுண். பார்ப்பதில்லை என்றால் அவர்களின் தளத்தில் அறிவித்துவிடுங்கள்.

ரிக்கற் போடுவதற்கு முன் திறப்பு எத்தனை மணிவரை தருவார்கள் என்று பாருங்கள். திருமலையிலிருந்து இரவிரவாக வான் பிடித்துக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய், பிளேன் ஏறி, அங்கே ரயில் மாறி, இரவு பதினொன்றுக்கு இரண்டு பெட்டியோடு பூட்டிய கதவுக்கு முன் நிற்கவேண்டாம். ஒப்பந்தம் தொடங்கும் நாளுக்கு ஒரு நாள் முந்திப் போனாலும் அறை தரமாட்டார்கள்.

கனடா போகிறவர்களுக்கு: அங்கே ஒரே அறையில் இரண்டு பேர் என்பது சாதாரணம், பல இடத்தில் முதல் வருடத்துக்குச் சாப்பாட்டுத் திட்டமும் கட்டாயம். எத்தனை மணிக்குப் படுப்பீர்கள் என்று கேட்கும் படிவத்தில் அம்மா சொல்கிற பதிலை எழுதாதீர்கள், உண்மையை எழுதுங்கள். ஒன்பது மணிக்குப் படுக்கிற ஒருவரோடு உங்களைப் போட்டுவிடுவார்கள்.

கடைசியாக வந்த கேள்வி, உப்புவெளித் தங்கச்சியின் அம்மம்மாவிடமிருந்து. வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, கட்டில் தலைமாடு எந்தத் திசை என்று கேட்டார். வரைபடத்தில் இருந்த திசைக்குறியை வைத்துப் பார்த்தோம், சரியாக வடக்கு. கட்டிலோ சுவரோடு பூட்டியது, அசைக்க முடியாது. அறையை மாற்றச் சொல்லி எழுது என்று அவர் ஒரே பிடியாக நின்றார். தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் போட்டுப் படுத்தால் சரி அம்மம்மா, நானும் ஒரு வருடம் அப்படித்தான் படுத்தேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப சரி, அந்தக் காசைக் கட்டுங்கோ” என்றார்.