எட்டு மணி ஜெபம்

ஸ்டெல்லா: நேற்றும் போனில் எட்டு மணி ஜெபத்துக்கு யாரும் வரவில்லை. அம்மா பைபிளை மடியில் திறந்து வைத்துக்கொண்டு எட்டே முக்கால் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா போய் ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை.

பிரியா: ஸாரி அக்கா. பாப்பாவைத் தூங்க வைக்கும்போது நானும் தூங்கிவிட்டேன்.

ஜான்சன்: நைட் ஷிப்ட்.

ஸ்டெல்லா: மூன்று நாளாகவா?

ஜான்சன்: மூன்று வாரமாக.

பெரியப்பா: பிள்ளைகளே, சமாதானம். நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டான் (தானி. 6:10). சங்கீதம் 55:17 அந்திசந்தி மத்தியானம் என்கிறது. 119:164 ஒருநாளில் ஏழுதரம் என்கிறது. ஆதிச்சபை நூலான திதாகே, கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று தரம் சொல்லச் சொல்கிறது. புனித பெனடிக்ட் துறவிமடங்களுக்கு எழுதிய ஒழுங்குப்படி துறவிகள் 150 சங்கீதங்களையும் ஒரே வாரத்தில் பாடி முடிப்பார்கள். 1549இல் வந்த ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் அதையே காலை மாலை என்று பிரித்து ஒரு மாதத்துக்கு வைத்தது. வீட்டில் இருப்பவர்களுக்குத் தக்கபடி அளவு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்னும் இருக்கிறது, எழுதுகிறேன்.

பிரியா: பெரியப்பா, ஏழுதரமா? எனக்கு ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கொடுக்கும்போது 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' மட்டும்தான் வருகிறது. அதுவும் 'அன்றன்றுள்ள ஆகாரம்' வருவதற்குள் கண் சொருகிவிடும். அது ஜெபத்தில் சேருமா?

பெரியப்பா: சேரும் அம்மா. பால் கொடுத்துக்கொண்டே ஆகாரம் கேட்கிறாய். சேராமல் எப்படி?

செல்வி அத்தை: ஆமென் 🙏

ஸ்டெல்லா: அப்பா இருந்தவரை எட்டு என்றால் எட்டுதான்.

ஜான்சன்: அப்பா இருந்தபோதுதான் நான் இரண்டு வருடம் வீட்டுப் பக்கமே வரவில்லை. அதையும் சொல்லு.

ஸ்டெல்லா: நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பிரியா: இப்போது வேண்டாமே இது.

செல்வி அத்தை: அண்ணனுடைய பெரிய எழுத்து பைபிள் யாரிடம் இருக்கிறது? அலமாரியில் காணோம்.

ஸ்டெல்லா: நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் அத்தை.

ஜான்சன்: என்னிடம் இருக்கிறது. அடக்கம் முடிந்த அன்றைக்கு அம்மாவிடம் கேட்டு எடுத்து வந்தேன்.

ஸ்டெல்லா: ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

ஜான்சன்: (படம்)

ஜான்சன்: 88ஆம் சங்கீதம். ஓரத்தில் பென்சிலால் 'ஜா' என்று எழுதி, கீழே தேதிகள். எண்ணிப் பார்த்தேன், 31 இருக்கிறது. எல்லாம் அந்த இரண்டு வருடத்துத் தேதிகள். நான் திரும்பி வந்த வாரத்திலிருந்து 103இல், 'என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி' என்கிற துதியில், எழுத ஆரம்பித்திருக்கிறார்.

பிரியா: 😭

பெரியப்பா: 88 இருளில் முடிகிற சங்கீதம். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு துதி வந்துவிடும், இதில் வராது. தம்பி என்னிடம் ஒரு நாள்கூட இதைச் சொன்னதில்லை.

அம்மா: (குரல் பதிவு, 0:52)

பெரியப்பா: எனக்கு இது காதில் விழாது. யாராவது எழுதுங்கள்.

ஸ்டெல்லா: "எனக்கு எழுத்து தெரிகிறது, ஆனால் வாசிக்க ஓடவில்லை. ஜெபம் பண்ண வாயைத் திறந்தால் 'ஆண்டவரே' என்பதோடு நின்றுவிடுகிறது. அப்படியே அவருடைய நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் யாராவது வாசியுங்கள், நான் ஆமென் சொல்லிக்கொள்கிறேன். எட்டோ ஒன்பதோ, எனக்கு எல்லாம் ஒன்றுதான்."

பெரியப்பா: ரோமர் 8:26. நமக்கு ஜெபிக்கத் தெரியாதபோது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சோடு நமக்காக வேண்டுகிறார். எழுத வந்ததை விட்டுவிடுகிறேன், இது போதும்.

பிரியா: காலை ஆறு மணிக்கு வைத்தால் என்ன? பாப்பா எழுந்துவிடுவாள்.

ஜான்சன்: எனக்கு ஷிப்ட் முடிவதே ஆறேகாலுக்கு.

ஸ்டெல்லா: ஆறரைக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும்.

ஜான்சன்: அப்படியென்றால் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு சங்கீதம் வாசித்து இங்கே போடுகிறேன். அம்மா எப்போது வேண்டுமானாலும் கேட்கட்டும்.

ஸ்டெல்லா: சேர்ந்து ஜெபிப்பது வேறு, ஜான்சன்.

பெரியப்பா: இரண்டும் இருக்கட்டும். ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் சேரலாம்.

செல்வி அத்தை: ஞாயிறு எனக்குப் பெண்கள் ஐக்கியக் கூட்டம்.

ஸ்டெல்லா: சரி, ஞாயிறை அப்புறம் பார்ப்போம். இன்றைக்கு யார் யார்?

பிரியா: நான் வருகிறேன். பாப்பா அழுதால் ஒன்றும் நினைக்காதீர்கள்.

ஜான்சன்: (குரல் பதிவு, 2:16)

அம்மா: (குரல் பதிவு, 0:03)

பெரியப்பா: எழுதுங்கள், எழுதுங்கள்.

ஸ்டெல்லா: 103 வாசித்திருக்கிறான் பெரியப்பா. அம்மா ஆமென் சொல்கிறார்கள்.

செல்வி அத்தை: அப்போ இன்றைக்கு எட்டா, ஒன்பதா?