டான்டே அலிகியேரி 1:200 மாடல்: டரட் வரிசை, மாஸ்ட், மிதக்கும் எடை பற்றிச் சந்தேகம்

கொழிஞ்சாம்பாறை:
வணக்கம்ங்க. இத்தாலியின் 'டான்டே அலிகியேரி' போர்க்கப்பலைக் குமிழ் மரத்தில் 1:200 அளவில் செய்கிறேன். 1918-ல் இருந்த தோற்றம் வேணும். நாலு டரட்டும் (பீரங்கி வைத்த சுழல் கூண்டு) முன்னே ஒண்ணு, நடுவில் ரெண்டு, பின்னே ஒண்ணு என்று வரைபடத்தில் நீளமாகப் பரந்து கிடக்கு. ஒண்ணுக்கு மேல ஒண்ணு தூக்கி வைத்த மாதிரி இல்லை. வரைபடம் தப்பா? ஒரு படத்தில் முக்காலி மாஸ்ட் (கொடிமரம்), இன்னொன்றில் ஒற்றைக் கம்பம், எதை நம்புவது? குளத்தில் விட்டால் நீர்க்கோடு சரியாக நிற்க மொத்த எடை எவ்வளவு இருக்கணும்? பலகை அடுக்கி ஒட்டுவதில் கவனிக்க வேண்டியதும் சொல்லுங்க.

வேலந்தாவளம்:
வரைபடம் சரிதாங்க. அந்தக் கப்பலின் அடையாளமே அந்த வரிசைதான், தயவுசெய்து மாத்திடாதீங்க.

இத்தாலியக் கப்பல் வடிவமைப்பாளர் வித்தோரியோ குனிபெர்த்தி 1903-லேயே 17,000 டன், 24 நாட் (மணிக்கு 24 கடல் மைல்) வேகம், 12 அங்குலப் பீரங்கி 12 என்று ஒரு கப்பலை முன்வைத்தார். அந்த எண்ணத்தின் வழியில் எதோர்தோ மாஸ்தெயா வடிவமைத்தது டான்டே. 305 மி.மீ. பீரங்கி பன்னிரண்டையும் ஒரே பக்கம் திருப்பிச் சுடணும் என்பதுதான் நோக்கம். இரட்டை டரட்டாகப் போட்டால் ஆறு வேணும், கப்பல் இன்னும் நீளும், கனக்கும். மூன்று மூன்றாக நாலு டரட்டில் அடக்கி, எல்லாவற்றையும் நடுக்கோட்டில் வைத்தார்கள். மூன்று குழல் டரட்டோடு கட்டத் தொடங்கிய முதல் போர்க்கப்பல் இதுவே. 1909 ஜூனில் காஸ்தெல்லம்மாரே தி ஸ்தாபியாவில் அடிக்கட்டை போட்டார்கள், 1910 ஆகஸ்டில் நீரில் இறங்கியது. ஆனால் முடிந்தது 1913 ஜனவரியில். அதற்குள் அதே மாதிரி மூன்று குழல் டரட் கொண்ட ஆஸ்திரியாவின் 'விரிபூஸ் ஊனிதிஸ்' 1912 டிசம்பரிலேயே சேவைக்கு வந்துவிட்டது.

இந்த வரிசைக்குக் கொடுத்த விலை, நேர் முன்னே சுட மூணு குழல்தான், நேர் பின்னேயும் மூணுதான். நடு டரட் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் மேல்கட்டும் புகைபோக்கியும் மறைக்கும். பாய்லர் அறைகளும் ரெண்டு கூட்டமாகப் பிரிந்து தள்ளித் தள்ளி நிற்கும். நாலு புகைபோக்கி ஜோடி ஜோடியாக நிற்பது அதனால்தான். மொத்தம் 23 பாய்லர், 7 எண்ணெயில் மட்டும், 16 நிலக்கரியும் எண்ணெயும் கலந்து. பார்சன்ஸ் டர்பைன், நாலு சுழல்தண்டு. சோதனையில் 22.83 நாட் வந்தது.

120 மி.மீ. பீரங்கி 20-ஐ மறந்துடாதீங்க. எட்டு, நாலு இரட்டைச் சிறு டரட்டில், முன் டரட்டின் இருபக்கமும் பின் டரட்டின் இருபக்கமும். மீதி 12 பக்கவாட்டு அறைகளில். பலர் அந்தச் சிறு டரட்டை விட்டுவிடுவதால் மாடல் மொட்டையாகத் தெரியும்.

வாளையாறு:
மாஸ்ட் விஷயத்துக்கு வரேன். 1918 என்றால் ஒற்றைக் கம்பம். முக்காலி 1923 மாற்றத்தில் வந்தது. அப்போதுதான் முன் ஜோடிப் புகைபோக்கியின் உயரத்தையும் கூட்டினார்கள், புகை கட்டளை மேடையைச் சூழ்ந்துகொண்டதால். ஆகவே முன் புகைபோக்கி உயரமாக இருக்கும் படத்தைப் பார்த்து அளவெடுத்தால் 1918 கெட்டுப்போகும். படத்தில் முக்காலி இருந்தால் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

பலகை: கப்பல் நீளம் 168.1 மீ., அகலம் 26.6, நீரில் மூழ்கும் ஆழம் 8.8. உங்களுக்கு 84 செ.மீ., 13.3 செ.மீ., 4.4 செ.மீ. பலகையை 12 மி.மீ.-ல் விடாமல் 11 மி.மீ.க்கு இழைத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து நாலு பலகை சரியாக 44 மி.மீ.; நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவிலுள்ள ஒட்டுக்கோடே நீர்க்கோடு. பெயின்ட் அடிக்கும்போது ஸ்கேலே தேவைப்படாது.

ஒட்டுவதற்கு முன்பே, அடிப்பலகையைத் தவிர ஒவ்வொரு பலகையின் நடுவையும் வெட்டி எடுத்து, சுவர் எல்லா இடத்திலும் 10 மி.மீ. வருமாறு குடையுங்கள். கட்டையாக விட்டால் ஜூன் மழையில் ஊறிப் பருக்கும், தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது சுருங்கும். அந்த அசைவில் ஒட்டு பிளந்து பெயின்டுக்கு மேலே கோடாக எழும். குடைந்தபின் உட்பக்கமும் சீலர் (ஈரம் புகாமல் அடைக்கும் பூச்சு) ரெண்டு கோட் கட்டாயம். வெளியே மட்டும் அடித்தால் ஈரம் உள்ளிருந்து ஏறி உடல் கோணும்.

குழல்: வாய் விட்டம் 305 மி.மீ., நீளம் அதைப்போல 46 மடங்கு; 305 × 46 என்றால் நீளம் 14 மீ., உங்களுக்கு 7 செ.மீ. அதில் ஒரு பகுதி டரட்டுக்குள் போய்விடும், முழுசாக வெளியே விட்டால் தும்பிக்கை மாதிரி நீளும். 3 மி.மீ. பித்தளைக் கம்பியை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு அரம் பிடித்தால் சரிவு வரும். வாய்த்துளை 1.5 மி.மீ.; சரிவு செய்வதற்கு முன்பே துளை போடுங்கள், பிறகு போட்டால் மையம் விலகும்.

வேலந்தாவளம்:
எடைக் கணக்கில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், 200-ஆல் ஒருமுறை வகுத்துவிட்டு நிறுத்துவார்கள். நீளம், அகலம், உயரம் மூணும் சுருங்குவதால் 200 × 200 × 200, அதாவது 80 லட்சத்தால் வகுக்கணும். முழுச் சுமையோடு கப்பல் 21,600 டன். வகுத்தால் 2.7 கிலோ. அது கடல்நீருக்கு. குளத்து நன்னீர் இலேசு என்பதால் அதே கோட்டில் நிற்க 2.63 கிலோ போதும்.

எல்லா வேலையும் முடித்து, பெயின்ட் காய்ந்தபின் நிறுத்துப் பாருங்க. 2.63-க்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் ஈயம். அடிக்கட்டை மேலேயே பரப்பி வையுங்க, ஆனால் முதல் தடவை ஒட்டாதீங்க. தொட்டியில் மிதக்கவிட்டு, மூக்கு தாழ்ந்தால் ஈயத்தைப் பின்னுக்கு நகர்த்தி, கோடு சமமானபிறகு ஒட்டுங்க. டரட்டை உள்ளே குடைந்து இலேசாக்கினால் நல்லது. விரலால் தள்ளிச் சாய்த்தால் சட்டென்று நிமிரணும். மெதுவாக, தயங்கி நிமிர்ந்தால் மேலே கனம் அதிகம்.

கொழிஞ்சாம்பாறை:
ரொம்ப நன்றிங்க. முன் புகைபோக்கியை உயரமாகத்தான் வெட்டி வைத்திருந்தேன், குறைச்சுடறேன். 1918-ல் இந்தக் கப்பல் எங்கே இருந்தது? பலகைக்குக் கீழே எழுதி ஒட்டணும்.

வாளையாறு:
1918 அக்டோபர் 2 என்று போடுங்க. நேச நாட்டுக் கப்பல்கள் அல்பேனியாவின் துராஸோ துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கிய நாள். டான்டேயும் கிளம்பிப் போனது, ஆனால் எதிரியோடு மோதவில்லை. அந்தப் பன்னிரண்டு பீரங்கியும் சேவைக்காலம் முழுக்க எதிரி மேல் ஒரு குண்டும் சுட்டதில்லை. 1928 ஜூலை 1-ல் கடற்படைப் பட்டியலிலிருந்து நீக்கி, பிறகு உடைத்துவிட்டார்கள்.