உதவி: மருது நாடகத்துக்கு வாங்கிய துப்பாக்கியைச் சரித்திரப்படி மாற்றுவது எப்படி?

மேடைப்பித்தன் (காரைக்குடி)
அவசரம். ஊர்த் திருவிழா நாடகத்துக்கு மாதிரித் துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறோம். கம்பெனிச் சிப்பாய் கையில் இருக்க வேண்டியது. புத்தம் புதிதாகப் பளபளக்கிறது. புளிக்கரைசலில் ஊறவைத்தால் பழசாகத் தெரியுமா?

பர்மாத்தேக்கு (கானாடுகாத்தான்)
எல்லாம் வார்னிஷ் செய்கிற வேலை. உப்புத்தாள் போட்டுக் கட்டையை நன்றாகத் தேய்த்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள். எங்கள் வீட்டு நிலைக்கதவை அப்படித்தான் மீட்டோம்.

பழையகோட்டை
படம் இல்லை, அளவு இல்லை, ஆண்டு இல்லை. தலைப்பில் மட்டும் 'சரித்திரப்படி'. தம்பி, பழசாக்குவது வேறு, சரித்திரப்படி மாற்றுவது வேறு. சண்டை நடந்தபோது அந்தத் துப்பாக்கி புதிது. சிப்பாய்கள் செங்கல் தூளும் எண்ணெயும் போட்டுக் குழலைப் பளிச்சென்று தேய்த்து வைத்திருப்பார்கள். துருவோடு அணிவகுப்புக்கு வந்தவனை மேலதிகாரி சும்மா விட்டிருப்பாரா? இதையெல்லாம் இங்கே எத்தனை முறைதான் எழுதுவது?

தேவகோட்டை வாசகன்
அது சுடுமா சுடாதா என்பதை முதலில் சொல்லுங்கள். சுடாததாகவே இருந்தாலும் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேடை ஏற்றுங்கள்.

மேடைப்பித்தன்
சுடாது, மருந்துக்குத் தீ போகும் துளையே போடவில்லை. ஆண்டு 1801. குழல் 39 அங்குலம், கறுப்பு நிறம். மருது காலத்துச் சாமான் என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார்.

பர்மாத்தேக்கு
39 என்றால் சரியாகத்தான் இருக்கிறது. கம்பெனி வாங்கிய பிரவுன் பெஸ் துப்பாக்கி அந்த நீளம்தான். அதற்கு முந்தைய மாதிரிகள் 46, 42 அங்குலம். கறுப்பைச் சுரண்டிவிட்டு வார்னிஷையும் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

வளரிக்காரன் (சிவகங்கை)
மருது நாடகத்தில் துப்பாக்கிக்கு இவ்வளவு பாடா? வளரியைப் பற்றி, அந்த வளைந்த எறிதடியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே! ஈட்டியும் வளரியும் எறியத் தனக்குக் கற்றுத்தந்ததே சின்ன மருதுதான் என்று வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரியே எழுதிவைத்திருக்கிறார்.

தேவகோட்டை வாசகன்
அவர் கேட்டது சிப்பாயின் துப்பாக்கி, அண்ணே. அதோடு, பாளையக்காரர் படையிலும் திரித்துப்பாக்கி இருந்தது. வளரி மட்டுமே வைத்துக் காளையார்கோவிலைக் காத்தார்கள் என்று சொன்னால் எப்படி?

வளரிக்காரன்
மட்டுமே என்று நான் எங்கே சொன்னேன்? மேலே போய் மறுபடி படியுங்கள்.

பழையகோட்டை
வளரிச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். பர்மாத்தேக்கு ஐயா, நிலைக்கதவு உங்கள் துறை, மறுக்கவில்லை. ஆனால் பிறகு வந்த 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலும் 39 அங்குலம்தான். மேடைப்பித்தன், மூன்றை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். குழலையும் கட்டையையும் சேர்த்து இரும்பு வளையங்கள் பிடித்திருக்கின்றனவா? குழல்மேல் ஏணி போல நிமிர்த்தி மடக்கும் குறிச்சட்டம் இருக்கிறதா? விசையை இழுத்ததும் அடிக்கும் குதிரையின் வாயில் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் தாடை இருக்கிறதா, சுத்தியல் போல மொட்டையாக இருக்கிறதா? பிரவுன் பெஸ்ஸில் வளையமும் கிடையாது, குறிச்சட்டமும் கிடையாது, குதிரை கல்லைக் கவ்வியிருக்கும். குழலைக் கட்டையோடு குறுக்கு ஊசிகள் பிடித்திருக்கும். குழல் வாய் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். என்ஃபீல்டில் 15கூட வராது.

மேடைப்பித்தன்
வளையம் மூன்று. சட்டம் நிமிர்கிறது. குதிரை மொட்டைதான்.

பழையகோட்டை
முடிந்தது. உங்களிடம் இருப்பது 1857 கலகத்துத் துப்பாக்கி. தோட்டாவில் கொழுப்பு தடவியிருக்கிறது என்று சிப்பாய்கள் கொதித்தார்களே, அதே ரகம். கறுப்பு அதற்குப் பொருத்தமான நிறம், சுரண்டாதீர்கள். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டு அரை நூற்றாண்டு கழித்து வந்த சாமானை எந்த எண்ணெய் போட்டும் 1801க்குக் கொண்டுபோக முடியாது.

பர்மாத்தேக்கு
எதுவானாலும் வார்னிஷை எடுத்துவிடுவது நல்லது.

மேடைப்பித்தன்
கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். அதைப் பின்வரிசைச் சிப்பாயிடம் கொடுத்துவிட்டோம். முன்வரிசைக்கு ஆசாரி மரத்திலேயே இரண்டு செய்கிறார், கல் கவ்வும் குதிரையோடு. ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது. நன்றி.

வளரிக்காரன்
ஆசாரி வளரியும் செய்து தருவாரா? என்ன கூலி கேட்கிறார்?