குழாய்த் தண்ணீரில் குளோரின் பார்க்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் திருத்துறைப்பூண்டி பக்கம். நான்கு நாளாக எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வாந்திபேதியில் படுத்திருக்கிறார்கள். சுகாதார நிலையத்தில் சொல்லியாயிற்று. மல மாதிரி எடுத்துப் போனார்கள், முடிவு வரவில்லை. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலையே அறிவித்தார்கள். அதனால்தான் இவ்வளவு பயம்.

குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே போகிறது. இணைப்பில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் விடும்போது பீய்ச்சுகிறது, நிறுத்தியதும் சாக்கடையை உள்ளே இழுக்கிறது. நேற்று முதல் குடம் கலங்கலாக, நாற்றத்தோடு வந்தது.

மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள், சரி. ஆனால் கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டுமே? அதைப் பார்க்கும் கிட் யாரிடமாவது இருந்தால் ஒரு நாள் கொடுங்கள்.

ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலமும் வேண்டும். வாந்திபேதியில் உயிரை எடுப்பது உடம்பில் நீர் வற்றுவதுதான். இப்போதைக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுக்கிறோம். எதிர்வீட்டு அப்பாயி ஒரு மடக்கோடு டம்ளரைத் தள்ளிவிடுகிறார், ஸ்பூனால்தான் ஊட்டுகிறோம்.

அப்புறம், குழாயை மாற்றச் சொல்லி மனு எழுதிப் பழக்கமுள்ள அண்ணன்மார், அக்காமார் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.