வளரும் முயல் குட்டிகளுக்கு சோயா பிண்ணாக்கைக் குறைக்க வழி உண்டா?

ஆவடி முயல்காரன்:
வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா இரண்டு இன முயல்களும் கறிக்காக வளர்க்கிறேன். தீவனம் நானே கலப்பதுதான். 100 கிலோவில் சோயா பிண்ணாக்கு மட்டும் 20 கிலோ, மிச்சம் மக்காச்சோளம், கோதுமைத் தவிடு, தாது உப்பு. சோயா விலை ஏறும்போதெல்லாம் கையைக் கடிக்கிறது. தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா செடிக்குத் தொட்டி போடு என்கிறார் ஒருவர், கடலைப் பிண்ணாக்கே போதும் என்கிறார் இன்னொருவர். தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு எடை குறையாமல் எதை மாற்றலாம்?

செங்குன்றம் தோட்டம்:
அசோலாவை நம்பி சோயாவைக் குறைக்காதீர்கள் அண்ணா. 25 சதவீதம் புரதம் என்று சொல்வது காய்ந்த எடையில். தொட்டியிலிருந்து அள்ளும் அசோலாவில் 93 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், ஒரு கிலோ காய்ந்தால் 60, 70 கிராம் நிற்கும், அதில் புரதம் 15 கிராம் தேறும். வளரும் முயல் ஒன்று நாளெல்லாம் தின்னும் 100 கிராம் தீவனத்திலேயே அவ்வளவு இருக்கிறது! பச்சைத் தீவனத்தோடு ஒரு பிடி போடுங்கள், அதற்கு மேல் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாதவரம்_கால்நடை:
கடலைப் பிண்ணாக்கில் புரதம் சோயாவை நெருங்கி வந்தாலும் லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) குறைவு, குட்டி வளர அதுதான் முக்கியம். அதைவிடப் பெரிய பயம் பூஞ்சை நச்சு. அஃப்ளாடாக்சினை முயல் கொஞ்சமும் தாங்காது, ஈரல் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு மூட்டை தரையில் கிடந்தாலே போதும். உடைத்துப் பாருங்கள், உள்ளே பச்சை படிந்திருந்தாலோ பூஞ்சை வாடை அடித்தாலோ மூட்டையோடு ஒதுக்குங்கள், வெயிலில் காயவைத்தால் நச்சு போய்விடாது.

நான் சொல்வது இதுதான்: சோயாவை 20 கிலோவிலிருந்து 12 ஆக்குங்கள், தவிட்டில் 8 கிலோ குறையுங்கள். அந்த இடத்தில் எள்ளுப் பிண்ணாக்கு 6 கிலோ, நிழலில் உலர்த்திப் பொடித்த முருங்கை அல்லது அகத்தி இலை 10 கிலோ. மொத்தப் புரதம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். எள்ளில் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் நிறைய, லைசின் கம்மி, சோயாவில் அது நேர்மாறு, அதனால்தான் இரண்டும் சேர வேண்டும் என்கிறேன். சோயாவை ஒரேயடியாக நிறுத்தினால் எடை நிச்சயம் அடிவாங்கும்.

ஆவடி முயல்காரன்:
நன்றி சார். எங்கள் தெரு முனையில் சவுண்டல் மரம் நிறைய நிற்கிறது. அந்த இலையை உலர்த்திப் போடலாமா?

செங்குன்றம் தோட்டம்:
சவுண்டலில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது, அளவு மீறினால் முடி கொட்டும், வளர்ச்சியும் நின்றுவிடும். எப்போதாவது கொஞ்சம் என்றால் சரி, தினசரித் தீவனமாக வேண்டாம். இடம் இருந்தால் வேலிமசால் என்ற தீவனச் செடியை விதையுங்கள், வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

மாதவரம்_கால்நடை:
இன்னொன்று, புரதம் கூடினால் நல்லதுதானே என்று ஏற்றிவிடாதீர்கள். 16, 17 சதவீதம் போதும். மிஞ்சியது பெருங்குடல் பக்கம் போய்க் கெட்ட கிருமிகளுக்குத்தான் தீனியாகும், அப்புறம் கழிச்சல், பிரித்த புதிதில் குட்டிகள் சாவது பெரும்பாலும் அதில்தான். நார்ச்சத்தும் குறையக் கூடாது. புதுக் கலவையை ஒரே நாளில் மாற்றாமல் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாளில் முழுசாக மாற்றுங்கள். இலைப்பொடி சேர்ந்தால் தூசு பறந்து தும்மும், தண்ணீர் தெளித்துப் பிசறி வையுங்கள், மிச்சத்தை மத்தியானத்துக்குள் எடுத்துவிடுங்கள், இந்த வெயிலில் சீக்கிரம் புளிக்கும்.

ஆவடி முயல்காரன்:
சரி சார். ஒரே ஈற்றுக் குட்டிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பக்கம் பழைய கலவை, ஒரு பக்கம் இது என்று கொடுத்து வாராவாரம் எடை போடுகிறேன். எடை விவரத்தை இங்கேயே எழுதுகிறேன்.