கணவருக்கு எச்.ஐ.வி. ரியாக்டிவ்: மனைவி கேட்டால் நர்ஸ் என்ன சொல்வது?

நைட்_டூட்டி:
ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன் எடுத்த பரிசோதனையில் நோயாளிக்கு எச்.ஐ.வி. ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கலாம் என்று காட்டுகிறது. "வீட்ல சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்கிறார். மனைவி ஐந்து மாத கர்ப்பிணி. ரத்தத்தில் என்ன வந்தது என்று டூட்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறார். மறைத்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. சொன்னால் இவருக்குத் துரோகம். எது சரி?

பாடம்_எடுப்பவர்:
அது இன்னும் முடிவே இல்லை. ஒரு கார்டு டெஸ்ட் வெறும் ஸ்கிரீனிங்தான், முதல்கட்டச் சோதனை. அறிகுறி இல்லாதவருக்கு மூன்று வெவ்வேறு கிட்டிலும் ரியாக்டிவ் வந்தால்தான் பாசிடிவ். அவர் சம்மதத்தோடு நம்பிக்கை மையத்துக்கு (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) அனுப்ப டாக்டரிடம் இன்றே கேளுங்கள்.

உறுதியானாலும் சொல்வது உங்கள் வேலை இல்லை. 2017 எச்.ஐ.வி. சட்டம், 9-வது பிரிவுப்படி துணையிடம் சொல்ல டாக்டருக்கும் கவுன்சலருக்கும் மட்டுமே இடமுண்டு. அதுவும் துணைக்குக் கணிசமான ஆபத்து இருக்க வேண்டும். நீங்களே சொல்லுங்கள் என்று நோயாளிக்கு ஆலோசனை தந்திருக்க வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்பது தெளிவாக வேண்டும். நாங்கள் சொல்லப்போகிறோம் என்று அவரிடம் முன்பே தெரிவிக்க வேண்டும். பிறகு நேரில்தான், போனில் அல்ல.

நைட்_டூட்டி:
அதுவரை "எல்லாம் நார்மல்மா" என்று சமாளிக்கலாமா?

பாடம்_எடுப்பவர்:
கூடாது. நாளை உண்மை தெரிந்தால் கவுன்சலர் பேச்சையும் அந்த மனைவி நம்பமாட்டார். "யாரோட ரிப்போர்ட்டையும் அவங்க சம்மதமில்லாம நாங்க சொல்றதில்லம்மா, அவர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் கேளுங்க." இதையே சர்க்கரை ரிப்போர்ட் கேட்கும் உறவினருக்கும் சொல்லிப் பழகுங்கள். இவருக்கு மட்டும் வாயை மூடினால் அதுவே சொன்ன மாதிரிதான். "நீங்க டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று மனைவியிடம் இந்த வார்டில் கேட்பதும் அப்படியே. கர்ப்பகால எச்.ஐ.வி. பரிசோதனையைப் பற்றி கவுன்சலர் பேசட்டும்.

தியேட்டர்_நர்ஸ்:
பெரும்பாலும் வாயால் கசிவதில்லை. கேஸ் ஷீட்டில் சிவப்பு மை, கட்டில் பலகையில் குறி, ஷிஃப்ட் மாறும்போது படுக்கையருகே உரக்க ஹேண்டோவர், இவருக்கு மட்டும் இரண்டு கிளவுஸ். பக்கத்துக் கட்டில்காரருக்கே புரிந்துவிடும். கிளவுஸ், ஊசி விதிகள் எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான். ரிப்போர்ட் நெகடிவ் என்று அசட்டையாக இருப்பதுதான் பெரிய ஆபத்து. ஊசி குத்தினால் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே டூட்டி டாக்டரிடம் போங்கள். தடுப்பு மருந்து தேவை என்று அவர் சொன்னால், அதை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணிக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும்.